சுகிர்தக்கா கயித்தைப் புடிச்ச கதை

எங்க தேயிலைத் தோட்டம் உடப்புசல்லாவைக்கு மேல இருக்கு. மேகம் கீழ எறங்கினா நேரா எங்க லயத்து வீட்டுக்குள்ளதான் வந்து ஒக்காரும். அந்த ஊர்ல கடலைப் பத்தி ஏதும் தெரியணும்னா ஒரே ஒரு ஆளுகிட்டதான் கேக்கணும். சுகிர்தக்கா. மத்தவங்களுக்கெல்லாம் கடல்னா கலண்டர்ல பாத்ததுதான்.

அக்கா பொறந்தது கற்பிட்டிப் பக்கம். சிப்பிவாடின்னு மீன் புடிக்கிற ஊரு. எங்க லயத்து மைக்கல் அண்ணனுக்கு வாக்கப்பட்டு மலைக்கு வந்தாங்க. வாக்கப்பட்டுன்னு மரியாதைக்குச் சொல்றேன். ஓடி வந்தாங்க.

வந்த புதுசுல அக்கா பண்ணின கூத்து இருக்கே, இப்ப நெனச்சாலும் சிரிப்பு வரும். வலப்பனை சந்தையில மலிவா மீன் கெடச்சுதுன்னு வாங்கிட்டு வந்து, உப்புப் போட்டு லயத்துத் தகரத்து மேல காயப் போட்டாங்க. அவங்க ஊரு நெனப்புல. அது நவம்பர் மாசம், எங்க ஊர்ல காயப் போட்ட துணியே ஒரு கெழமைக்கு ஈரமாத் தொங்கும். மூணாம் நாள் லயம் முழுக்க நாத்தம். பக்கத்துக் காம்பராவுல குடியிருக்கிற பேச்சியம்மா வாசல்ல நின்னு கத்துறா: "ஏ சுகிர்தம், யாரு செத்தாலும் நாங்க மூணு நாளுக்குள்ள தூக்கிருவோம் புள்ள, நீ எப்ப தூக்கப் போற?"

அன்னையிலருந்து அக்காவுக்குக் கருவாட்டு சுகிர்தம்னு பேரு. ஆனா பாருங்க, கொஞ்ச நாள்ல சுகிர்தக்கா இல்லாம எங்க லயத்துல யாரும் மீன் வாங்க மாட்டாங்க. சந்தையில மீனோட செவுளைத் தூக்கிப் பாப்பாங்க, கண்ணை அமுத்துவாங்க. அப்புறம் யாவாரிகிட்ட, "இது மீனில்ல முதலாளி, மீனோட கருமாதி"ன்னு தமிழ்ல சொல்லிட்டு, அதையே சிங்களத்துல இன்னும் கொஞ்சம் காரமாச் சொல்லுவாங்க. அவன் பயந்து கீழ ஒளிச்சு வச்ச நல்ல மீனை எடுப்பான்.

மலையில கொழுந்து எடுக்கறப்ப, பகல் சாப்பாட்டுக்கு ஒக்காந்தா, ரொட்டியையும் சம்பலையும் பிரிச்சு வச்சுகிட்டு அக்கா கடல் கதை சொல்லுவாங்க. எங்க ஊர் பொம்பளைங்க வாயைப் பொளந்துகிட்டுக் கேப்பாங்க. நான் செடிக்கு மருந்தடிக்கிற கூட்டத்துல இருந்தேன். முதுகுல இருக்கிற மருந்து டாங்கியை எறக்கி வச்சிட்டு நானும் போய் ஒக்காந்துக்குவேன். விடியக்காத்தால கடல் பால் மாதிரி கெடக்கும்பாங்க. அவங்க அண்ணன் கரையில நின்னு தண்ணி நெறத்தைப் பாத்தே எங்க மீன் நிக்குதுன்னு சொல்லுவாராம். அண்ணன்னு வந்ததும் கதை நின்னு போயிரும். ரொட்டியை மடிச்சு வச்சிருவாங்க. "எந்திரிங்கடி, கங்காணி வர்றாரு"ம்பாங்க. கங்காணி அந்தப் பக்கமே இருக்க மாட்டாரு.

அந்த அண்ணன் கதையை இப்பச் சொல்லிடறேன், இல்லன்னா மிச்சம் புரியாது.

அந்தக் காலத்துல எங்க தோட்டத்து வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, எல்லாம் மார்ச் மாசம் தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்குப் போவாங்க. நான் வேதக்காரன் இல்ல. ஆனா பஸ்ஸுல எடம் இருக்குன்னா எந்த சாமின்னு கேக்கிற பழக்கமும் இல்ல. அப்பெல்லாம் போனா நாலஞ்சு நாளு. சட்டி பானை, வெறகு, பாயி, புள்ளைக்குட்டி எல்லாம் பஸ்ஸுக்குள்ள. மரத்தடியில படுதாவைக் கட்டிச் சமைப்போம். மைக்கல் அண்ணன் கிட்டாரோட வந்தாருன்னா வழி பூரா பாட்டுதான். அதை நெனச்சா இப்ப போறதெல்லாம் ஒரு போக்கா? ஏசி வேனுல ஆளுக்கொரு போனைப் பாத்துகிட்டு.

அந்த வருசம் சுகிர்தக்கா எங்க மரத்தடிக்குக் கருவாடு விக்க வந்தாங்க. மைக்கல் அண்ணன் காலையில வாங்கினாரு. பகலைக்கும் வாங்கினாரு. பொழுது சாய வந்தப்பவும் வாங்கினாரு. "என்னண்ணே, ஊருக்கே கருவாடு கொண்டு போகப் போறீங்களா?"ன்னு கேட்டேன். "போடா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னாரு. எனக்கா தெரியாது? எங்க பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சு, தூக்கிட்டுப் போறதுக்கே திட்டம் போட்டாச்சு.

திருநாள் முடிஞ்சு கெளம்பறப்ப அக்கா எங்க பஸ்ஸுல. எங்க பொம்பளைங்க அவங்க இடுப்புல கொழுந்துக்காரி மாதிரி படங்குச் சாக்கைக் கட்டி, தலையில துணியைச் சுத்தி, மடியில பேச்சியம்மாவோட கைப்புள்ளயைத் தூக்கி வச்சுட்டாங்க. ரோட்டுல அவங்க அண்ணன் அமிர்தநாதன் பஸ்ஸை மறிச்சு ஏறினாரு. நல்ல ஒசரம், கருங்காலி மாதிரி ஒடம்பு. ஒவ்வொரு சீட்டாப் பாத்துகிட்டு வந்தாரு. பாத்த எடமெல்லாம் கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கதான். எறங்கிப் போயிட்டாரு. அம்மா இல்லாத தங்கச்சி, அந்த மனுசன் கையால வளத்த புள்ள. அது அப்ப எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் எறக்கி விட்டிருப்போமான்னா, சொல்ல முடியாது.

அடுத்த திருநாளுக்குப் போனப்ப சேதி வந்துச்சு. "எனக்குத் தங்கச்சி இல்ல. அவ பேரை இந்த ஊர்ல யாரும் வாயால சொல்லப்படாது." சொல்லலயாம். முப்பது வருசமா, அந்த ஊர்ல ஒருத்தர் வாயிலயும் சுகிர்தம்ங்கிற பேரு வரலயாம். சுகிர்தம்னு பேருள்ள இன்னொரு பொம்பளையக்கூட கடக்குட்டின்னுதான் கூப்புட்டாங்களாம். இதுல எவ்வளவு நெசம், எவ்வளவு எங்க ஆளுங்க சேத்ததுன்னு எனக்குத் தெரியாது. நானும் கொஞ்சம் சேத்திருப்பேன்.

அக்கா வருசா வருசம் எங்களோட கோயிலுக்கு வருவாங்க. கும்புடுவாங்க. அப்புறம் கோயிலுக்குப் பின்னால கடக்கரையில நின்னு வடக்குப் பக்கம் பாத்துகிட்டே இருப்பாங்க. வேனுல போனா கொஞ்ச தூரந்தான் சிப்பிவாடி. மைக்கல் அண்ணன் உசுரோட இருந்தப்ப, "போயிட்டு வருவமா?"ன்னு கேப்பாரு. "வேணாம்"பாங்க. அவரு போய்ச் சேந்த பிறகு கேக்கவும் ஆளில்ல.

இந்த வருசந்தான் கதை மாறுச்சு. அக்காவோட ஒரே மக ஷிராணிக்கு மே மாசம் கல்யாணம்னு பேசி முடிச்சாங்க. மாப்புள வீட்டுக்காரங்க ராகலைப் பக்கம். நம்மாளுங்கதான். பேச்சு நடக்கறப்ப மாப்புளயோட அம்மா கேட்டுச்சு: "பொண்ணுக்குத் தாய்மாமன் யாருங்க? கோயிலுக்குள்ள கூட்டிட்டு வர்றது யாரு?"

அக்கா பட்டுன்னு சொன்னாங்க: "கடல்ல இருக்காரு."

அந்தம்மா "ஐயோ பாவமே"ன்னு கன்னத்துல கை வச்சுருச்சு. முங்கிச் செத்துட்டாருன்னு நெனச்சிருச்சு. நான் சிரிப்பை அடக்க முடியாம வெளிய போய் வெத்தல துப்பினேன். ஆனா அக்காவுக்கு அன்னைக்கு முழுக்க முகம் சரியில்ல. எங்க சனங்களுக்குத் தாய்மாமன் இல்லாத கல்யாணம் பாதிக் கல்யாணம், வேதக்காரங்களா இருந்தாலும் சரி. அப்பனும் இல்ல, மாமனும் இல்லன்னா புள்ள யாரு கையைப் புடிச்சு நடக்கும்?

"வீரய்யா"ன்னாங்க என்னப் பாத்து. "இந்தத் தடவ சிப்பிவாடிக்குப் போவோம். என் அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கணும்."

அதுதான் விசயம். வேற ஒண்ணுமில்ல.

இந்த மார்ச்சுல ஜூட்சன் தம்பியோட வேனுல போனோம். அக்கா, ஷிராணி, பேச்சியம்மா, இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க, நானு. சாமான் எல்லாம் கொழுந்துப் பையிலதான் கட்டியிருந்தாங்க, அந்த நைலான் பை. எங்க ஊர் பொம்பளைங்களுக்கு சூட்கேசும் அதுதான், அரிசி மூட்டையும் அதுதான். திருநாள் பூசை முடிஞ்ச காலையில வேனை வடக்கே திருப்பினோம்.

சிப்பிவாடி அக்கா சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. சின்னக் கோயில், தென்னந்தோப்பு, கருவாடு காயப் போடற ஓலை வாடி, கரையில இழுத்துப் போட்ட வள்ளம். வேன் நின்னதும் எல்லாரும் எறங்கினோம். அக்கா எறங்கல. கம்பியைப் புடிச்சுகிட்டு ஒக்காந்துட்டாங்க.

"எறங்கும்மா"ங்கிறா ஷிராணி.

"காலு மரத்துப் போச்சு புள்ள."

"ஒனக்கு எந்தக் காலத்துல மரத்துச்சு?"

"நீ போடி, நான் வர்றேன்."

கரையில கரைவலை இழுத்துகிட்டு இருந்தாங்க. வலை எங்கயோ கடலுக்குள்ள இருக்கு, அதோட ரெண்டு கயித்தையும் ரெண்டு பக்கம் ஆளுங்க புடிச்சு கரைக்கு இழுக்கிறாங்க. நடுவுல ஒரு பெரியவர் நின்னு கத்திகிட்டு இருக்காரு. தலை பூரா வெள்ளை, ஒடம்பு இன்னும் கருங்காலிதான். நான் பாத்ததும் கண்டுகிட்டேன். அமிர்தநாதன். அந்த வலைக்கு அவருதான் தலைவரு, மண்டாடின்னு சொல்றாங்க.

பாதிப் பேரு திருநாளுக்குப் போய் இன்னும் திரும்பல போல, கயித்துல ஆளு காணாது. மத்த ஊர்ல டிராக்டர்ல மிஷினை வச்சு இழுக்கிறாங்களாம், இங்க கைதான். எங்க பேச்சியம்மா சும்மா நிப்பாளா? சேலையைத் தூக்கிச் செருகிட்டா. "வாங்கடி, மலையில சுமக்காததையா இங்க இழுக்கப் போறோம்!" எங்க பொம்பளைங்க எல்லாம் கயித்துல விழுந்துட்டாங்க. அவங்க ஊர்க்காரங்க பின்னால சாஞ்சு இழுக்கிறாங்க. இவளுக என்னடான்னா தோள்ல கயித்தைப் போட்டு, குனிஞ்சு, ஏத்தத்துல கொழுந்து மூட்டையைத் தூக்கிட்டுப் போற மாதிரிப் போறாளுக. மணல் சறுக்குது. ஏத்தம் எறக்கத்துல பழகின காலுக்குச் சமதரை ஆகாது. கரையே சிரிச்சுச்சு.

நான் வேலை செய்யாம வாயைத்தான் குடுத்தேன். கயித்தோட கடைசியில நின்னு சுருட்டிகிட்டு இருந்த கணேசமூர்த்தின்னு ஒரு ஆளு பேச்சுக்குச் சிக்கினாரு.

"எங்க ஆளுகளுக்கும் ஏதும் கெடைக்குமா?"ன்னு கேட்டேன்.

"என்ன கேள்வி இது? கயித்தில கை வச்ச ஆருக்கும் பங்கு இருக்குது. வழியால போறவன் புடிச்சாலும் இருக்குது."

"மண்டாடிக்குப் புடிக்காத ஆளா இருந்தா?"

"புடிக்காத ஆளெண்டாலும் குடுத்துத்தான் ஆகவேணும். அவரே தன்ட கையால குடுக்க வேணும். குடுக்காட்டி அந்த வலையில அதுக்குப் பேந்து மீன் படாது."

எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. நேரா வேனுக்கு ஓடினேன்.

"அக்கா, எறங்குங்க. ஒரு வார்த்தையும் பேச வேணாம். போய்க் கயித்தைப் புடிங்க. புடிச்சா ஒங்க அண்ணன் ஒங்களுக்குக் கையால குடுத்துதான் ஆகணும். முகத்துக்கு நேரா வந்து நிக்கணும். அப்ப கேட்டுக்கலாம்."

அக்கா என்னையே பாத்தாங்க. "எனக்குத் தெரியாதாடா அந்த வழக்கம்? என் ஊருடா."

"அப்ப ஏன் ஒக்காந்திருக்கீங்க?"

அக்கா முந்தானையை இழுத்து முக்காடு போட்டுகிட்டு எறங்கினாங்க. செருப்பைக் கழட்டி வேனுக்குள்ளயே விட்டாங்க. போனாங்க, கயித்தைப் புடிச்சாங்க.

அதைப் பாக்கணுமே நீங்க. குதிகாலை மணல்ல ஊனி, ஒடம்பைப் பின்னால சாச்சு, ஒரு எட்டு, இன்னொரு எட்டு. முப்பது வருசம் மலையில கொழுந்து எடுத்த பொம்பளைன்னு எவனும் சொல்ல மாட்டான். முன்னால நின்னவன் திரும்பிப் பாத்து, "இந்த மனுசி எந்த ஊர்?"ன்னு கேக்கிறான். எங்க பேச்சியம்மா, "எல்லாரும் ஒரே ஊருதான், இழுய்யா"ங்கிறா.

அமிர்தநாதனும் பாத்தாரு. நான் அவரைத்தான் கவனிச்சுகிட்டு இருந்தேன். கத்திகிட்டு இருந்தவரு கொஞ்சம் நின்னாரு. அக்கா மணல்ல ஊனின காலையே பாத்தாரு. அப்புறம் கடல் பக்கம் திரும்பிகிட்டாரு. அதுக்குப் பிறகு அந்தப் பக்கக் கயித்துப் பக்கம் அவரு தலையே திரும்பல. கண்டுகிட்டாரு. ஆனா காணாதவரா இருக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. குடுக்க வேண்டியதைக் குடுத்து, யாரோ ஒரு முக்காட்டுப் பொம்பளைன்னு அனுப்பிருவாரு. சத்தியமும் கெடாது, வழக்கமும் கெடாது. ஆளு என்னை விடக் கெட்டிக்காரன்னு நெனச்சேன்.

வலை வந்துச்சு. வெள்ளி வெள்ளியா சாளை, நெத்தலி, நடுவுல கொஞ்சம் பெருசும் கெடந்துச்சு. முதல்ல ஒரு கூடை கோயிலுக்குன்னு ஒதுக்கினாரு. அப்புறம் அவரு கையாலயே ஒவ்வொருத்தருக்கும் பங்கு. அவங்க ஊர்ல அதுக்கு வரிசை கிரிசை எல்லாம் கெடையாது. சுத்திக் குந்திகிட்டு, சட்டியையோ கூடையையோ நீட்டுவாங்க, அவரு அள்ளிப் போடுவாரு.

எங்க ஆளுங்களுக்கு இந்தப் பழக்கம் தெரியுமா? குமிச்சுக் கெடக்கு, பக்கத்துல ஒரு பெரியவர் நிக்கிறாரு, குடுக்கப் போறாருன்னதும் தானா வரிசையில நின்னுட்டாளுக. சாமானைக் கொட்டிட்டுக் கொழுந்துப் பையை எடுத்து, ஒருத்தி பின்னால ஒருத்தி. பழக்கம் அது. எங்க மலையில கொழுந்து நிறுக்கிறப்ப அப்படித்தான். வரிசை நகர நகர, தராசுகிட்ட வந்ததும் பையை நீட்டி, சத்தமாப் பேரைச் சொல்லணும். புருசன் பேரோட சேத்துச் சொல்லணும். அப்பதான் கணக்கப்புள்ள பதிவாரு. எங்க கணக்கப்புள்ளக்கு ஒரு காது கேக்காது, அதனால எங்க பொம்பளைங்க அந்த மலைக்குக் கேக்கிற மாதிரி கத்துவாளுக.

பேச்சியம்மா போனா, பையை நீட்டினா, மீன் விழுந்துச்சு. அடுத்தவ. அடுத்தவ. வரிசை நகருது. சுகிர்தக்கா முக்காட்டுக்குள்ள தலையைக் குனிஞ்சுகிட்டு வர்றாங்க. வாயில ஏதோ முணுமுணுக்கிறாங்க, கேக்கப் போற வார்த்தையைச் சொல்லிப் பாத்தாங்களோ என்னவோ. அண்ணனும் தலையைத் தூக்கல, பையை மட்டும் பாத்து அள்ளிப் போட்டுகிட்டு இருக்காரு. அக்கா முறை வந்துச்சு. பையை நீட்டினாங்க. அவரு ரெண்டு கையாலயும் மீனை அள்ளினாரு.

அக்காவோட வாயி அவங்க பேச்சைக் கேக்கல. முப்பது வருசமா ஒரு நாளைக்கு மூணு தடவ சொன்ன வாயி அது.

"மைக்கல் சுகிர்தம்!"

கரை முழுக்கக் கேட்டுச்சு. காக்கா பறந்துருச்சு.

அவ்வளவுதான். கயிறு சுருட்டினவன் சுருட்டறதை விட்டான். வாடியில கருவாடு பொறுக்கிகிட்டு இருந்த கெழவிங்க எந்திரிச்சு நின்னுட்டாங்க. அந்த ஊர்ல யாரும் சொல்லக் கூடாத பேரை, அவங்களே, அதுவும் அவரு முகத்துக்கு நேரா, கூட்டிட்டு ஓடின புருசன் பேரையும் சேத்துச் சொல்லிட்டாங்க. அக்கா ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திகிட்டாங்க. பை கீழ விழுந்துருச்சு. முக்காடும் விலகிருச்சு.

அமிர்தநாதன் அள்ளின மீனைத் திரும்பக் குமியில போட்டாரு.

மே மாசக் கல்யாணம் போச்சுன்னு நெனச்சேன். என்னோட கெட்டிக்காரத்தனத்தால வந்த வினை. ஷிராணி அம்மா பக்கத்துல வந்து தோளைப் புடிச்சுகிட்டா.

அந்த மனுசன் மெதுவாக் குனிஞ்சு பையை எடுத்தாரு. ஒதறினாரு. மூக்குகிட்ட கொண்டு போய் மோந்து பாத்தாரு.

"இதென்ன பை? பச்சை இலை நாத்தம்" அப்படின்னாரு. "இதில மீனைப் போட்டா பகலுக்குள்ள பழுதாப் போயிரும்."

அக்கா கையை வாயிலருந்து எடுத்தாங்க. மத்த எதைச் சொன்னாலும் பொறுத்துக்குவாங்க, மீனைப் பத்தி அவங்களுக்கே பாடம் எடுத்தா?

"ஏன், எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்குத் தாங்கும்."

"தாங்காது."

"உப்புப் போட்டா தாங்கும்."

"உப்பு எங்க கொண்டாந்தனி? அந்த மலையில இருந்தா?"

"அண்ணே, நீங்க இன்னும் அதே மாதிரிதான் பேசுறீங்க."

அண்ணேன்னு சொன்னதும் அவரு கடல் பக்கம் திரும்பி, பையைச் சின்னதா மடிச்சாரு. கெழவிங்கள்ல ஒருத்தி மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு.

"வீட்டில சட்டி இருக்குது"ன்னாரு. "போய் எடுத்துக்கொண்டு வா."

"எந்தச் சட்டி?"

"அம்மாட சட்டி. வச்ச எடத்திலதான் இருக்குது."

அக்கா போனாங்க. மணல்ல நடந்து, அப்புறம் கொஞ்சம் வேகமா, தென்னந்தோப்புக்குள்ள போறப்ப ஓட்டமும் நடையுமா. வழி யாரும் சொல்லல. ஐம்பது தாண்டின பொம்பளை ஓடறதைப் பாத்து நான் வழக்கமா ஏதாச்சும் சொல்லியிருப்பேன். அன்னைக்கு, பாதியில விட்ட கயித்தை எடுத்துச் சுருட்டினேன்.

இப்ப கரையில அவரும் ஷிராணியும்தான் நேருக்கு நேர். ஷிராணிக்கு அப்பன் மூக்கு, ஆனா கண்ணு ரெண்டும் அப்படியே இந்த மனுசன் கண்ணு. அவருக்கும் அது தெரிஞ்சுருச்சு போல. பாக்கிறாரு, பாக்காத மாதிரி மீனைப் பொறுக்கிறாரு, திரும்பப் பாக்கிறாரு. கடைசியில என் பக்கம் திரும்பிக் கேட்டாரு:

"உங்கட ஊர்ல குளிர் கூடவோ?"

"மே மாசம் இந்தப் புள்ளைக்குக் கோயில்ல கல்யாணம், அப்பப் பரவாயில்லைங்க"ன்னேன். வேணும்னே கல்யாணத்தை இழுத்து விட்டேன். "சாயந்தரம் மட்டும் கொஞ்சம். ஒரு சுவெட்டர் இருந்தா போதும்."

"எங்களுக்கு எங்கால சுவெட்டர்?"

ஷிராணி நுவரெலியாவுல சுவெட்டர் கடையிலதான் வேலை பாக்கிறா. வர்ற சிங்கள ஆளு, வெள்ளைக்காரன், யாரா இருந்தாலும் பாத்த பார்வையிலயே அளவு சொல்லிருவா. கண்ணைத் தொடச்சுகிட்டு, மாமனை மேலயும் கீழயும் பாத்தா.

"ஒங்களுக்கு எக்ஸெல் வேணும் மாமா. தோளு அகலம். கொஞ்சம் திரும்புங்க."

அந்தக் கரையையே கத்தி ஆட்டி வைக்கிற மனுசன், மீன் செதில் ஒட்டின கையை ரெண்டு பக்கமும் விரிச்சுகிட்டு, பொம்மை மாதிரித் திரும்பி நின்னாரு.

"கறுப்பு வேணுமா, நீலமா?"

யோசிச்சாரு. ஒரு சின்ன விசயத்துக்கு யாரும் இவ்வளவு யோசிச்சு நான் பாத்ததில்ல.

"அழுக்குத் தெரியாத நெறம் எது?"ன்னு கேட்டாரு. "கோயிலுக்குள்ள நிக்கிறதுக்கு."